விட்டுப்போன பத்தாம் வகுப்பு

பிளஸ் டூ பிரிவு விழாவுக்கு ரெக்சனையும் கூப்பிட வேண்டும் என்று வகுப்பே சேர்ந்து கேட்டபோது ஞானதீபம் டீச்சர் தயங்கினார். ரெக்சன் பத்தாம் வகுப்புப் பாதியிலேயே படிப்பை விட்டவன். இப்போது ஆலந்தலையிலிருந்து சித்தப்பாவோடு கடலுக்குப் போகிறான்.

"வந்தா அவன் மனசு கஷ்டப்படாதா?" என்று கேட்டார்.

"ஆறாம் வகுப்புலேர்ந்து எங்ககூட இருந்தவன் டீச்சர். அவன் இல்லாம எப்படி?" என்றான் நேசக்குமார்.

ரெக்சன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வெயிலில் கறுத்து, தோள் அகன்று, மற்றவர்களுக்கு அண்ணன் மாதிரி இருந்தான். யாரையும் தொந்தரவு செய்யாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைக் கண்டதும், அவனோடு படித்த இசக்கியம்மாள் சுவரோரமாக நகர்ந்தாள். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தால்கூட அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம்.

ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒவ்வொரு வருசத்தைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும் என்று ஏற்பாடு. கொரோனா வருசம் நேசக்குமாருக்கு வந்தது.

"எங்க தெருவுக்கே ஒரு டச் போன்தான். நாலு பேரு தலைய முட்டிக்கிட்டுப் பாடம் பாப்போம். சார் கேள்வி கேட்டா நெட்டு போயிட்டுன்னு சொல்லிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அந்த வருசந்தான் நம்ம தமிழய்யா போனாவ. முகத்தக்கூடப் பாக்க விடல" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டான்.

எட்டு வந்தது, ஒன்பது வந்தது. அடுத்து ஜெமிமா மைக்கை வாங்கி, "பதினொண்ணாம் வகுப்புல..." என்று ஆரம்பித்தாள்.

ரெக்சன் எழுந்து நின்றான்.

"ஏளா ஜெமிமா, பத்த ஏன் விட்டுட்டீங்க?"

ஞானதீபம் டீச்சர் அவனிடம் போகப் பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்னுதானே? தெருவுலயும் இப்படித்தான். அப்பாவப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பாவ, நான் போனா நிறுத்திருவாவ. பேனர் வச்சாவ, பூசை வச்சாவ, எல்லாம் செஞ்சாவ. அன்னைக்கு அப்பா எப்படி இருந்தாவ, என்ன பேசுனாவன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

பத்தாம் வகுப்பில் வந்த அந்த டிசம்பரை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. விடாமல் பெய்த மழையில் குளங்கள் உடைந்து, ஆற்றங்கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கடற்கரைக்காரர்கள் ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராக ஆட்களை மீட்டார்கள். ரெக்சனின் அப்பா ஆன்றோவும் அப்படி வந்தவர்தான். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு காம்பவுண்டுச் சுவரில் மோதி அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்தவர் நீந்திக் கரையேறினார். ஆன்றோ, வெள்ளம் வடிந்த பிறகு ஒரு வாழைத் தோட்டத்தில் கிடைத்தார்.

இசக்கியம்மாள் எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. அவனைப் பார்த்தே பேசினாள்.

"கடைசியா ஏத்துனது எங்களத்தான், ரெக்சன். நான், அம்மா, தம்பி. கூரை மேல நின்னோம். தம்பி வள்ளத்துல ஏற மாட்டேன்னு அழுதான். உங்க அப்பாதான், 'ஏலே, இது கப்பலு. நீதான் கேப்டன், வந்து உக்காரு'ன்னு சொல்லித் தூக்கி வச்சாவ."

ரெக்சன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன படிக்கன்னு கேட்டாவ. பத்துன்னேன். எம்மவனும் பத்துதான், ரெக்சன், தெரியுமான்னாவ. எங்க கிளாஸுதான்னு சொன்னேன். நல்லாப் படிக்கானான்னு கேட்டாவ. கணக்குல நல்ல மார்க்குன்னு சொன்னேன்."

"நானா?" என்றான் ரெக்சன்.

"அவியளும் நம்பல. 'ஏ பிள்ள, மழையில நனைஞ்சுக்கிட்டு இப்படிப் பொய் சொல்லுதியே'ன்னு சிரிச்சாவ. கரை வாரவரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாவ."

அவள் குரல் உடைந்தது.

"எறக்கி விட்டுட்டு, இன்னும் அங்கன ஆளு உண்டான்னு கேட்டாவ. பக்கத்து மாடியில வயசான ரெண்டு பேரு இருக்காவன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் திரும்பிப் போனாவ."

அவள் தலை குனிந்து நின்றாள். ரெக்சன் பெஞ்சுகளைத் தாண்டி முன்னால் வந்தான்.

"ஆளு இருக்கும்போது இல்லன்னா சொல்ல முடியும்? இதுக்கா என்னக் கண்டா ஒதுங்கிப் போன?"

ஞானதீபம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ரெக்சன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அம்மாட்டயும் வந்து சொல்லுதியா?"

அன்று சாயங்காலம், விழாவுக்குக் கட்டிய சேலையோடு இசக்கியம்மாள் ஆலந்தலைக்குப் போனாள். ஜெமிமாவும் நேசக்குமாரும் கூடப் போனார்கள். ரெக்சனின் அம்மா அமலோற்பவம் வாசலில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். விசயத்தை ரெக்சன் சொன்னதும், துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவிய ஏதும் சாப்பிட்டாவளா பிள்ள? காலைல வெறும் வயித்தோட லாரியில ஏறுனாவ."

இசக்கியம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கிட்ட ஒரு பன்னு இருந்துச்சும்மா. குடுத்தேன். தம்பிக்குக் குடுன்னுட்டாவ. ஆனா கரையில மண்டபத்து வாசல்ல கருப்பட்டிக் காப்பி குடுத்துக்கிட்டு இருந்தாவ. நின்ன மேனிக்கு ரெண்டு டம்ளர் குடிச்சாவ. நல்லா சூடா இருந்துச்சு. அதுக்குப் பொறவுதான் வள்ளத்த எடுத்தாவ."

"காப்பி குடிச்சாவளா" என்றார் அமலோற்பவம். யாரிடமும் கேட்பது போல இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். ரெக்சன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார்.

"இங்கன உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு."

இசக்கியம்மாள் உட்கார்ந்து, கூரை மேல் நின்றதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.