ஒன்று முதல் எட்டு வரை

வெள்ளிக்கிழமையோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. எஸ்டேட் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். மூணாறில் பிறந்து மூணாறிலேயே கிழவனான எனக்கு வேறு வீடு கிடையாது. என் மனைவி ஞானஜோதி ஒரு வாரமாகச் சாமான்களை மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். பார்க்கப் பார்க்க அலுப்பாக இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு பிடிதான் இருந்தது. எங்கள் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளை ஓட்டுவது ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். எண்பதுகளில் மேனேஜராக இருந்த துரை தன் மகன் விளையாட வாங்கி, பையன் சீந்தாததால் இங்கே கொண்டுவந்து மாட்டியது. குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் உள்ளே ஐசி சில்லுகள் குழியை விட்டு மெல்ல மேலே கிளம்பிக்கொள்ளும், பெட்டி செத்துக் கிடக்கும். தினமும் காலையில் மூடியைத் திறந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்குவேன். முப்பது வருடமாக வைத்தியம் அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வேன். அது இருக்கும்வரை என்னை அனுப்ப மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

புதன்கிழமை, புது மெஷின் வாங்கலாமா என்று பார்க்க மோனிஷா என்ற கம்பெனி என்ஜினியர் வந்தாள். அன்று வேண்டுமென்றே நான் அமுக்கவில்லை. கொழுந்து வந்து குவிந்தது, காற்றாடி சுற்றவில்லை. கெஞ்சிக்கொண்டு வரட்டும் என்று டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை. அரைமணி நேரத்தில் காற்றாடிச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

பெட்டி திறந்து கிடந்தது. "வாங்கண்ணே, சூசையப்பன் நீங்கதானே?" என்றாள் மோனிஷா. "நாலு ஸ்குரூ கழட்டுனா எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு. இப்ப வார மெஷினையெல்லாம் ஒட்டி மூடிடுதாங்க, கெட்டா தூக்கித்தான் போடணும். நீங்க ஒவ்வொரு ஐசி மேலயும் நம்பர் வேற எழுதி வச்சிருக்கீங்க. வரிசையா அமுக்குனேன், ஓடிருச்சு."

கண் மங்கியபோது ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று, தேயிலைச் சாக்கில் கிரேடு எழுதும் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் எட்டு வரை எழுதியவன் நானேதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"புதுசு வேண்டாம்னு எழுதிட்டேண்ணே. இத யாரு வேணாலும் பாத்துக்கிடலாம்."

அவள் மனதாரப் பாராட்டித்தான் அப்படிச் சொன்னாள். அவள்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. பெட்டிக்கு வேலை நிலைத்துவிட்டது.

வீட்டில் ஞானஜோதி மூட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, கட்டவா, அவுக்கவா?"

"கட்டு" என்றேன்.