தானாகச் சுற்றிய பெடல்

மாய்லிஸ் அன்று காலை கிளப் சட்டையை மாட்டும்போதே முடிவு செய்துவிட்டாள். பெருகார்த் மேட்டில் இன்றைக்கும் கால் தரையில் பட்டால் சரி, இந்தச் சைக்கிள் சவாரிக்கே தலைமுழுகிவிடுவது. சட்டையைத் துவைத்து மடித்துச் செயலாளர் ரெஜீனிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதுக்கு அதுதான் லட்சணம் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், புருஷன் தியெரி சொல்லுவான்.

சொல்லாமல் இருந்தால்தானே! "உனக்குக் கால்ல ஒரு குறையும் இல்ல மாய்லிஸ், மனசுலதான் தெம்பில்ல. என்னைப் பாரு, அறுபத்திரண்டு. எப்பிடி ஏறுறேன்?" என்பான். உண்மைதான், ஏறினான். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவனும் மேட்டில் நாக்குத் தள்ளியவன்தான். திடீரென்று எந்தச் சாமியிடம் வரம் வாங்கினானோ, மேடு என்றால் மற்றவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். போகும்போது திரும்பிப் பார்த்து, "நான் முன்னால போறேன், நீ மெதுவா வா" என்று ஒரு வார்த்தை வேறு. அந்த வார்த்தைதான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

வருஷாவருஷம் பெந்தகோஸ்தே பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்தால் கிளப் முழுக்க பெருகார்த் மேட்டுக்குக் கிளம்பும். உச்சியில் யாத்திரிகர்கள் வந்துபோகும் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. முதலில் ஏறியவர் அதன் மணியை அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சாப்பாட்டு வேனில் வைன் புட்டியின் தக்கையைப் பிடுங்குவார்கள். மூன்று வருஷமாக மணிக்கயிறு தியெரியின் கையில். பாதி மேட்டில், கல்சிலுவைக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மாய்லிஸ் அந்த மணியைக் கேட்பாள்.

வேனை ஓட்டுபவர் ஆர்மான். எழுபது தாண்டியவர். முழங்கால் தேய்ந்துபோய் மோட்டார் வைத்த சைக்கிள் வாங்கியபோது, கிளப் தலைவரான தியெரி சபையைக் கூட்டி ஒரு விதி போட்டான். மோட்டார் வைத்த சைக்கிள்காரர்கள் தனிக் கூட்டமாகப் போகட்டும், அவர்களுக்கு மணி கிடையாது. "கிழவிங்க ஸ்கூட்டர்ல வந்து மணியடிக்கவா நம்ம தாத்தாமாரு அந்த மேட்டை ஏறினாங்க?" என்று கேட்டுச் சிரிக்கவும் சிரித்தான்.  ஆர்மான் புதுச் சைக்கிளைக் கொட்டகையில் மாட்டிவிட்டு, அடுத்த வாரமே வேன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றும் அந்தத் திங்கட்கிழமைதான். போகிற வழியில் மோன்லெசாக் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் காபிக்கு நின்றார்கள். எல்லோரும் கல் வளைவுகளுக்குக் கீழே உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்தபோது, வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்துவிட்டது. "ஐயையோ, சைக்கிளு!" என்று ரெஜீன் கத்தினாள். ஆளாளுக்குக் கைக்குக் கிடைத்ததை இழுத்துக்கொண்டு போய், சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பழைய மரச் சந்தைக்கூடத்துக்குள் சாய்த்தார்கள். தியெரி அந்த நேரம் கடையின் பின்பக்கம் கழிப்பறையில் இருந்தான். அங்கே இருந்திருந்தால் தன் சைக்கிளை வேறு ஆள் தொட விட்டிருக்க மாட்டான். வீட்டில் மாய்லிஸ்கூட அதைத் துடைக்கக் கூடாது. "நீ சங்கிலியைக் கெடுத்துருவே" என்பான்.

மழை விட்டதும் மாய்லிஸ் எழுந்தாள். மெதுவாக வருகிறவர் முன்னாலேயே கிளம்பிவிடுவது கிளப் வழக்கம். மற்றவர்கள் வழியில் பிடித்துக்கொள்வார்கள்.

"கெளம்பிட்டியாடி?" என்றாள் ரெஜீன்.

"ஆமாண்டி. ஆமை முன்னால போனாத்தானே முயலுங்க சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வரலாம்."

ஓரத்தில் நின்ற நீலச் சைக்கிளை எடுத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காகத் தியெரியும் அவளும் ஒரே கடையில் வாங்கிய ஜோடிச் சைக்கிள்கள் அவை. ஒரே நிறம், சீட்டுக்கடியில் ஒரே மாதிரிப் பை. இருவரும் ஒரே உயரம் என்பதால் சீட்டின் உயரம்கூட ஒன்றுதான். ஈரத்தில் டயர் கொஞ்சம் கனமாக உருளுகிறது என்று நினைத்துக்கொண்டே ஊரைத் தாண்டினாள்.

கோதுமை நனைந்து கிடந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் சண்டையில் இடிந்த கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, புறாக்கூண்டு வீட்டைத் தாண்டி, பாதை இறங்கி ஏறி மறுபடி இறங்கியது. அப்புறம் எதிரே வந்து நின்றது பெருகார்த் மேடு. மாய்லிஸ் கியரைக் குறைத்தாள். "அம்மா தாயே, இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்று உச்சிக் கோயிலைப் பார்த்து முனகிவிட்டு, ஹாண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியை இறுகப் பிடித்தாள். சுற்றியிருந்த டேப்புக்கு அடியில் கட்டைவிரலுக்கு ஏதோ மேடாகத் தட்டுப்பட்டு உள்ளே அமுங்கியது. டேப் சுருண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? கால் எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை. மூச்சு முட்ட வேண்டிய வளைவில் முட்டவில்லை. இருபுறமும் அகாசியா மரங்கள் பூத்திருந்தன. தேனீக்களின் ரீங்காரம் வழியெல்லாம் கூடவே வந்தது. கல்சிலுவை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவள் இறங்கித் தலைகுனிந்து நிற்கும் இடம். சிலுவை பின்னால் போயிற்று. மாய்லிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. "போடா தியெரி, மனசுல தெம்பில்லன்னா சொன்னே? வந்து பாருடா!" என்று மரங்களைப் பார்த்துக் கத்தினாள்.

உச்சியில் ஒரு ஈ காக்கா இல்லை. அவள்தான் முதல் ஆள். சைக்கிளைப் புல்லில் சாய்த்துப் போட்டுவிட்டுக் கோயில் வாசலுக்கு ஓடினாள். கயிற்றைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். மணி பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. முப்பத்துமூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் அடித்ததில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். மணி ஓய்ந்தும் தேனீச் சத்தம் ஓயவில்லை. உச்சியில் அகாசியா மரமே கிடையாது. சத்தம் புல்லிலிருந்து வந்தது. 

கீழே படுத்துக் கிடந்த சைக்கிளின் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. மிதிக்க ஆளில்லை, காற்றும் இல்லை. அது பாட்டுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் பேய் என்றுதான் நினைத்தாள். பிறகு கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டது நினைவுக்கு வந்து ஹாண்டில்பாரைத் தடவினாள். டேப்புக்கடியில் அந்தப் புடைப்பை அமுக்கினாள். பெடல் நின்றது. மறுபடி அமுக்கினாள். சுற்றியது. சீட்டுக்கடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளே கறுப்பாகக் கனமான பேட்டரி, அதிலிருந்து வயர் ஒன்று சைக்கிளின் குழாய்க்குள் போயிற்று. அவளுடைய பையில் ஒரு டியூபும் கைக்குட்டையும்தான் இருக்கும். இது அவளுடைய சைக்கிள் இல்லை.

"அடப்பாவி," என்றாள்.  மூன்று வருஷம்! தெம்பு, மனசு, என்னைப் பாரு என்ற அத்தனையும் இந்தப் பெட்டியின் தெம்பா? நான் தள்ளிக்கொண்டு வந்த ஒவ்வொரு மேட்டிலும் பொத்தானை அமுக்கிக்கொண்டா போனான்? நெஞ்சு கொதித்தது. வரட்டும், இன்றைக்குத்தான் என் சைக்கிள் அவனிடம் இருக்கிறதே, மேடு என்றால் என்ன என்று ஒருதடவை தெரிந்துகொள்ளட்டும் என்று கறுவினாள். பேட்டரியைப் பிய்த்துத் தூர எறியப் பைக்குள் கையை விட்டாள். விரலில் சின்னதாக ஒரு குப்பி தட்டியது.

எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மூடி போட்ட ஸ்ப்ரே. நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் அடிப்பது. அவளுடைய அப்பாவின் சட்டைப்பையில் கடைசி வரை இருந்தது அதே குப்பிதான். லேபிளில் மருந்துக்கடைக்காரர் ஒட்டிய பெயர், தியெரி பெய்ரூஸ்.

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவன் கீழே இருக்கிறான். மோட்டார் இல்லாத சைக்கிளில் மேடு ஏறிக்கொண்டிருக்கிறான். மருந்து இவள் கையில்.

சைக்கிளில் ஏறி, பிரேக்கைத் தொட மறந்து மேட்டை இறங்கினாள். ஈரச் சாலையில் இரண்டு வளைவில் சக்கரம் வழுக்கியது. விழுந்து தொலைக்காமல் வந்தது அந்தக் கோயில் மாதாவின் புண்ணியம். கல்சிலுவைக்கு அடியில் கூட்டம் தெரிந்தது. வேன் நின்றது. தியெரி சிலுவை மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்," என்றாள் ரெஜீன். "கீழேயே மூஞ்சி சரியில்லடி. இறங்கு, வேன்ல ஏறுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! மணி சத்தம் கேட்டுச்சு பாரு, அப்பிடியே சரிஞ்சுட்டான்."

மாய்லிஸ் அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து ஸ்ப்ரேயை அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தாள். எல்லோரும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல மெல்ல அதில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், அவள் சாய்த்துவிட்டு வந்த சைக்கிளைப் பார்த்தான்.

"இவங்ககிட்ட சொல்லிடாதே," என்றான்.

அதுதான் முதல் வார்த்தை. மாய்லிஸுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"என் சைக்கிள்னு சந்தையிலயே தெரியும்ல உனக்கு? மருந்தும் இல்லைன்னு தெரியும்ல? பேசாம வேன்ல ஏறியிருக்கலாமேய்யா!"

"ஏறினா... ஏன்னு கேப்பாங்க."

"செத்திருப்பேடா!"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அதிலேயே விளங்கிற்று. மாய்லிஸ் எழுந்து நின்றாள். 

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்று கத்தினாள். "தலைவர் சைக்கிள்ல மோட்டார் இருக்கு. பேட்டரி இருக்கு. மூணு வருஷமா மணியடிச்சது இவரில்ல, அந்தப் பொட்டிதான். இன்னிக்கு நான் அடிச்சதும் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அவர்கள் அலறுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் அலறவில்லை. ரெஜீன் தரையைப் பார்த்தாள். மற்றவர்கள் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்கள்.

"தெரியும் தாயி," என்றார் ஆர்மான்.

"என்னது?"

"அவன் பக்கத்துல மேடு ஏறினா ங்ஙொய்யின்னு கேக்குமேடி," என்றாள் ரெஜீன். "முன்னால போற எல்லாருக்கும் கேக்கும். வீம்புக்காரன், போகட்டும்னு விட்டுட்டோம். நெஞ்சு வலியெல்லாம் சத்தியமா தெரியாது. உனக்கு மோட்டார் விஷயம் தெரியும்னுதான் நெனச்சோம். பொண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்னு..."

மாய்லிஸுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவள் ஒருநாளும் அவன் பக்கத்தில் ஏறியதே இல்லையே. அவள் எப்போதும் பின்னால் வந்தவள்.

தியெரியின் வாய் திறந்தபடி நின்றது. நெஞ்சு வலியில்கூட அவன் முகம் அவ்வளவு கோணவில்லை. "எல்லாருக்குமா?" என்றான்.

ஆர்மான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "விதி போட்டவன் நீ. நீயா உன் வாயால சொல்லுவேன்னு மூணு வருஷம் காத்திருந்தேன்டா, மடையா. சொல்லியிருந்தா நாம ரெண்டு பேருமே சேந்து ஓட்டியிருப்போம்." தியெரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அந்த ஊர் வழக்கப்படி தீயணைப்புப் படையின் சிவப்பு ஆம்புலன்ஸ் வந்தது. மார்பில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, பிழைத்துக்கொள்வார், ஆனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கூட ஆள் ஏறக் கூடாது, பின்னால் வாருங்கள் என்றார்கள். கதவு மூடும்போது தியெரி அவளையே பார்த்தான்.  "நீ முன்னால போ," என்றாள். "நான் வர்றேன்." சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

ஆர்மான் வேனின் பின்கதவைத் திறந்து, இரண்டு நீலச் சைக்கிள்களையும் பார்த்து முழித்தார். "இதுல எதும்மா உன்னுது?"

மாய்லிஸ் ஒன்றைத் தூக்கினாள். சுலபமாக மேலே வந்தது. மற்றதைத் தூக்கினாள். பாதியிலேயே கை கீழே இழுத்தது.

"இதுதான் அவருது," என்றாள். "தூக்கினாலே தெரியுதுண்ணே. கராஜ்ல மூணு வருஷமா என்னுது பக்கத்துலதான் நின்னுச்சு. ஒருதடவைகூட நான் தூக்கிப் பாக்கல."

ஆர்மான் வண்டியைக் கிளப்பினார்.