நீலச் சட்டைப் படம்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரங்கநாதன் உள்ளே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டிஸ்க் டக், டக் என்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடியும் டக். விடியற்காலை அப்பாவின் மார்பில் இதே காதை வைத்தபோது இந்த அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை.

அப்பா அய்யம்பெருமாள் வாலிகண்டபுரத்தில், வீட்டு வாசல் பந்தலில், பெஞ்சின் மேல் கிடந்தார். சாயங்காலம் எடுக்கிறார்கள். அம்மா அழுகைக்கு நடுவில் மகனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த நீலச் சட்டைப் படத்தப் பெருசா போட்டு எடுத்தாடா. தூக்கறதுக்குள்ள தலமாட்டுல வைக்கணும்."

ஆயுசு முழுக்கத் துண்டோடு திரிந்த மனுசர். போன பொங்கலுக்கு அம்மாதான் நீலத்தில் ஒரு சட்டை எடுத்து, மல்லுக்கட்டி மாட்டிவிட்டாள். மாட்டியதும் அவருக்கே என்ன தோன்றியதோ, பஸ் ஏறி பெரம்பலூர் வந்து மகனின் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து, "எடு" என்றார். எடுத்தான். நன்றாக விழுந்திருந்தது. பிரிண்ட் கேட்டார். கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றான். பிறகு கேட்டபோதெல்லாம் அதையே சொன்னான். ஐப்பசி வந்துவிட்டது.

வேறு படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்தால் அவரே அவருக்கு ஓட்டுப் போட மாட்டார். "ஊருக்கெல்லாம் போட்டோ புடிக்கிறான், பெத்தவனுக்கு ஒண்ணு இல்லியா?" என்று உத்திராபதி சித்தப்பா பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்னது, டி.வி.எஸ். ஃபிப்டியில் அவன் பெரம்பலூர் வரும்வரை கூடவே வந்தது.

வந்து பார்த்தால் படம் இருந்த டிஸ்க் திறக்கவில்லை. ஆனாலும் அவனுக்குப் பயமில்லை. பேக்கப் இருந்தது. வைரஸ் தொல்லை தாங்காமல், காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் தர்மராஜ் அண்ணனை உட்காரவைத்து, படங்கள் சேமிக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தான். ஒவ்வொரு ராத்திரியும் அதுவே எல்லாப் படங்களையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடும். காலையில் கடை திறந்தால் திரையில் 'பேக்கப் முடிந்தது' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவான்.

இரண்டாவது டிஸ்க்கைத் திறந்தான். கல்யாணங்கள் இருந்தன. காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டுகள், கட்சிக்காரர்களின் பொன்னாடைகள் எல்லாம் இருந்தன. 'வீடு' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

மூடிவிட்டு மறுபடி திறந்தான். அதனால் ஏதாவது ஆகும் என்று நினைக்கிற அளவுக்கு அவன் படித்திருந்தான்.

போனில் தர்மராஜ் துக்கம் விசாரித்துவிட்டு, "லாக் பாத்தியா?" என்றார்.

பேக்கப் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திறந்தான். தினமும் ஒரே வரி. 'வீடு: பர்மிஷன் டினைடு.' அதற்குக் கீழே, தினமும், 'பேக்கப் முடிந்தது.'

"பேக்கப் யார் பேருல ஓடுது?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க, எல்லா அதிகாரமும் இருக்கற ரூட்ல ஓட்டாத, தனியா ஒரு யூசர் போடுன்னு."

"அது சரிதான்டா. அந்த யூசருக்கு 'வீடு' ஃபோல்டரப் படிக்கப் பர்மிஷன் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் குடும்பப் படங்களைப் பார்க்கக் கூடாதென்று, தன் பெயருக்கு மட்டும் திறக்கும்படி அதைப் பூட்டியவனே அவன்தான். பேக்கப் ராத்திரிதோறும் போய் நின்றிருக்கிறது. உள்ளே விடவில்லை என்று ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. என்ன நடந்தாலும் கடைசியில் 'முடிந்தது' என்று சொல்லும்படி எழுதியவனும் அவனே. தாலுக்கா சனம் மொத்தமும் பத்திரம். அவன் வீட்டு ஆட்கள் மட்டும் இல்லை.

"செத்த டிஸ்க்க திருச்சில குடுத்துப் பாக்கலாம். ஒரு வாரமாவும். வரும்னு சொல்ல முடியாது."

"சாயங்காலம் எடுக்கறாங்கண்ணே."

போனை வைத்தான்.

கேமராவோடு ஊருக்குத் திரும்பினான். அம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள். "போட்டுக்கிட்டிருக்காங்கம்மா" என்றான். நெற்றிக் காசு தெரியாதபடி, கன்னம் கட்டிய துணி கொஞ்சம் மறையும்படி அப்பாவின் முகத்தை எடுத்தான். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து நீலச் சட்டையையும் எடுத்துக்கொண்டான்.

இறந்த பிறகு எடுத்த படத்துக்குக் கண் திறந்து வைப்பது அவனுக்குப் புது வேலையில்லை. அதற்கென்றே ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரின் கண்களை வைத்திருந்தான். யாருக்குப் போட்டாலும் பொருந்துகிற சாந்தமான கண்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் சுவரில் மாட்டியிருக்கும் பாதிப் பேர் அந்தக் கண்களால்தான் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் மட்டும் சௌக்கியமாக, தினமும் கடை வழியே நடைப்பயிற்சி போவார்.

ஸ்டுடியோவுக்கு வந்து, இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தக் கண்களை அப்பா முகத்தில் வைத்துப் பார்த்தான். தபால் வந்திருக்கிறது என்பது போலப் பார்த்தார். கண்களை நீக்கிவிட்டான்.

நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான். தோளில் பிடித்தது. ஒரே ஒரு தடவை உடுத்தியது, அந்துருண்டை வாசம் அடித்தது. கேமராவில் டைமர் வைத்துவிட்டு, அப்பா உட்கார்ந்த அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். கழுத்துக்குக் கீழே அவன். முகம் அப்பா. கண்கள் மறுபடியும் அவன். சின்ன வயதிலிருந்தே அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று சொல்லிச் சொல்லிச் சலிப்பூட்டிய சனங்கள், ஒரு நாளாவது உதவினார்கள். கண்ணில் இருந்த சிவப்பை எடுக்க நேரமில்லை.

அவன் ஊருக்குப் போனபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பறை அடிப்பவர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உத்திராபதி சித்தப்பா கண்ணாடி பிரேம் போட்ட படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "அச்சு அசல் அண்ணந்தான்" என்றவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எதிரில் நின்ற மகனைப் பார்த்தாள். அவசரத்தில் அவன் சட்டையைக் கழற்ற மறந்திருந்தான்.

"இவரு எப்படா அழுதாரு?" என்றாள்.

அவன் சட்டையின் மேல் பித்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் முந்தானையை விரலில் சுற்றி, படத்தின் கண்களைத் துடைத்தாள். கண்ணாடியில் இருந்த கைரேகை போயிற்று. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். சிவப்பு அப்படியே இருந்தது.