ரம்பம் விழுங்கிய வரி

1

இந்தக் கதை என் கைதட்டலில் தொடங்கியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தப்பான இடத்தில் தட்டித் தொலைத்தேன்.

அரங்கு நிறைந்த கூட்டம். மேடையில் 'மரத்தூள்' இசைக்குழு. டிரம்ஸில் அக்கா, கிதாரும் பாட்டும் தம்பி, பேஸ் கிதாரில் கடைக்குட்டித் தங்கை. மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நாட்டுப்பாட்டை எடுத்து ராக் இசையில் போட்டுக் காய்ச்சுகிறவர்கள். பாட்டு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினேன். மொத்த அரங்கிலும் நான் ஒருவன்தான். முன்வரிசையில் ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் திராணி இல்லை. அக்கா தூக்கிப் பிடித்த குச்சிகளை இறக்கவே இல்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பிறகுதான் குச்சிகள் இறங்கின, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அந்தக் கைதட்டு?" என்றாள். என்ன தொழில் என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். "அப்ப எழுதுங்க. ஆனா அந்த வரியை மட்டும் எழுதக் கூடாது."

எந்த வரி என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: மரம் அறுக்கும் ஆலையின் தகரக் கூரை காலை வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டிருக்க — வேண்டாம். இதை யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது: இசை என்பது ஒலியா, அல்லது ஒலிகளுக்கு நடுவில் உள்ள — ஐயோ, இது கட்டுரை. அதுவும் யாரும் படிக்காத கட்டுரை.

மூன்றாவது: அப்பா ஆலையில் மட்டும்தான் பாடுவார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அப்பா ஆலையில் மட்டும்தான் பாடுவார். வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். குடும்பம் இருந்தது ஆலைக்குப் பின்னால், ஒற்றைச் சுவர் தள்ளி. அந்தச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளும் அவர் பாட்டைக் கேட்பார்கள்.

காட்டை விட்டு வந்த மரமே,
கதவாப் போறியா, கட்டிலாப் போறியா —

மூன்றாவது வரி வரும்போது மரம் ரம்பத்தைத் தொட்டுவிடும். அவர் மரத்தைத் தள்ளுகிற கணக்கு அப்படி. அதற்கப்புறம் ரம்பத்தின் கூச்சல்தான் கேட்கும். அது ஓய்ந்ததும் நான்காவது வரி தெளிவாக வரும்:

எனக்கும் ஒரு பலகை மிச்சம் வை.

பிள்ளைகள் அந்தப் பாட்டை அப்படியே கற்றுக்கொண்டார்கள். இரண்டு வரி, ஒரு மௌனம், கடைசி வரி. அங்கே இன்னொரு வரி இருக்கும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நம்பினார்கள். ஆலைக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு வாய்த்திருக்காது.

(அப்பாவைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிற்பாடு சந்தேகம் வந்து ஒருமுறை அக்கா கேட்டாள். "நான் எங்க பாடினேன்?" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். அப்புறம் அவர் காது போய்விட்டது. ரம்பத்தின் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவருக்குக் காது எப்படித் தங்கும்?)

(இன்னொன்று: அறுவை ஆலைக் கதை அறுவையாக இருக்கக் கூடாதே என்ற கவலை எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.)

3

அக்கா டிரம்ஸ் பழகியது ஆலையில் கழித்துப் போட்ட பலகைத் துண்டுகளில். எது எந்தச் சத்தம் கொடுக்கும் என்று தட்டித் தட்டித் தெரிந்துகொண்டாள். தம்பிக்குக் குரல் வாய்த்தது. கடைக்குட்டிக்குப் பொறுமை வாய்த்தது. பேஸ் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

முதல்முதலாக ஒரு கல்லூரி மைதானத்தில் வாசித்தபோது, பாட்டு நின்றதும் கூட்டம் ஊளையிட்டது, மைக் போய்விட்டது என்று கத்தியது. தம்பி பதறிப்போய்த் திரும்பினான். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. கூச்சல் அடங்கும்வரை குச்சிகளைத் தூக்கியபடியே இருந்தாள். அடங்கியது. அதற்குப் பிறகுதான் இறக்கினாள். அன்றிலிருந்து அந்த மௌனம்தான் மரத்தூள் குழுவின் அடையாளம். ஊர் ஊராகப் போனார்கள். மூன்றாவது வரிக்காகவே வந்தவர்கள் உண்டு, கேட்க ஒன்றுமே இல்லாத அந்த வரிக்காக.

அது எவ்வளவு நேரம் நீளும் என்று தம்பிக்கும் தெரியாது, கடைக்குட்டிக்கும் தெரியாது. அக்கா எண்ணுவதும் இல்லை. மேடை ஏறுவதற்கு முன்னால் தம்பி கேட்பான், "இன்னிக்கு என்ன மரம்?" அக்கா கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள், தடி என்றோ மெலிசு என்றோ. மரம் ரம்பத்தைக் கடந்து முடிக்கும் வரைக்கும் மௌனம். அது அவள் உடம்புக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்தப் பாட்டுக்கு அவள்தான் முதலாளி, அவள்தான் ஆலை.

4

இப்போது தம்பி. இவன்தான் எனக்குத் தலைவலி.

முதல் பிரதியில் இவனை வில்லனாக எழுதினேன். பாட்டு வெளியிடும் கம்பெனிக்காரர் வந்து, மௌனம் வந்தால் கேட்கிறவர்கள் போன் கெட்டுவிட்டது என்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், அங்கே எதையாவது நிரப்புங்கள் என்றார். தம்பி பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினான் என்று எழுதினேன். பொய். தலையாட்டினான், பல்லை இளிக்கவில்லை. அவனுக்கு வேறு காரணம் இருந்தது.

நாட்டுப்பாட்டுகளைச் சேகரிக்கும் ஒரு பேராசிரியர், வேறோர் ஆலைத் தொழிலாளி பாடிய இதே பாட்டைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதில் மூன்றாவது வரி இருந்தது. முழுசாக. தம்பி அதைக் கேட்டு விக்கி விக்கி அழுதான். (நானும் கேட்டேன். நல்ல வரி. அவ்வளவுதான் சொல்வேன்.) நடக்கவிருந்த பெரிய நிகழ்ச்சியில் அதைப் பாடப்போவதாக ஒத்திகை அறையில் வைத்துச் சொன்னான்.

"அப்பா பாடினது அது. நமக்குக் கேட்டது இது," என்றாள் அக்கா. "நமக்குக் கேட்டதைத்தான் நாம பாடறோம்."

"அவர் வாயை மூடிட்டு நிக்கலைக்கா. பாடிட்டுத்தான் இருந்தார். நீதான் அவரை ஊமையா ஆக்கி வச்சிருக்கே."

கடைக்குட்டி தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த வரியை மிஷின் தின்னுச்சு. அப்பா காதையும் அதே மிஷின்தான் தின்னுச்சு. இப்ப அந்த இடத்தை அழகா அடைச்சுட்டா, எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும். நான் விட மாட்டேன்டா."

நான் யார் பக்கம்? இரண்டு பேர் பக்கமும். அதனால்தான் இந்தக் கதை முடியமாட்டேன் என்கிறது.

5

நிகழ்ச்சிக்கு முன்பே முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று. தம்பி அந்த வரியைப் பாடுகிறான், அக்காவின் கண்கள் கலங்குகின்றன. அவள் அதற்கு மேல் படிக்க விடவில்லை. "நான் எப்ப அழுதேன்? டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு வேர்க்கும். அதையெல்லாம் அழுகைன்னு எழுதாதீங்க."

முடிவு இரண்டு. குழு உடைகிறது. பல வருஷம் கழித்து, மூடிக் கிடக்கும் ஆலையின் வாசலில் மூவரும் — "ஆலையை எதுக்கு மூடறீங்க? நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு."

முடிவு மூன்று. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, காது கேட்காததால் அரங்கம் மௌனமானது தெரியாமல், மூன்றாவது வரியைத் தானே உரக்கப் பாடிவிடுகிறார்.

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"நல்லா இருக்கு," என்றாள் கடைசியில். "அதனாலதான் வேண்டாம்."

6

பெரிய நிகழ்ச்சி. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா நிஜமாகவே முன்வரிசையில் இருந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. மேடை ஏறுவதற்கு முன்னால் தம்பி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை என்று கடைக்குட்டி பிறகு சொன்னாள். அக்காவாகவே சொன்னாளாம், "இன்னிக்கு மரம் ரொம்பத் தடி. நீ பாடு."

இரண்டாவது வரி முடிந்தது. கூட்டம் தன் மௌனத்துக்குத் தயாரானது. தம்பி மைக்கை நெருங்கி வாயைத் திறந்தான்.

அக்கா அடித்தாள்.

இத்தனை வருஷமாகத் தூக்கியபடியே நின்ற குச்சிகள் அந்த இடத்தில் முதல்முறையாக இறங்கின. தாளம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு கையாலும் இருந்த எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் அடித்தாள். ரம்பம்தான் அது. அதைக் கேட்டு வளர்ந்தவள் அடித்த ரம்பம். தம்பி பாடினான், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான், ஒரு எழுத்துகூட எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தான். நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டே பாடினான். அவளும் விடவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கையை விரித்து, முன்னால் மெல்லத் தள்ளினார். உதடுகள் அசைந்தன. அவர் பாடியதும் யாருக்கும் கேட்கவில்லை.

மரம் அறுந்து முடிந்தது. அக்கா நிறுத்தினாள். அந்த அமைதியில் கடைசி வரியைத் தம்பியும் கடைக்குட்டியும் சேர்ந்து பாடினார்கள்.

அக்கா முகமெல்லாம் நனைந்திருந்தது. வேர்வை என்றே எழுதுகிறேன்.

7

மேடைக்குப் பின்னால் போனேன். கம்பெனிக்காரர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் தோல் உரிந்திருந்தது. தம்பி கிதாரைக் கழற்றாமலே உள்ளே வந்து அவள் முன்னால் நின்றான். கடைக்குட்டி கதவைச் சாத்தப் போனவள் என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

தம்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். குழு இருக்குமா, உடையுமா என்பது அதில் இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுத மாட்டேன். நீங்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் எழுத மாட்டேன். இந்தக் குடும்பத்தோடு பழகியதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

தம்பி சொன்னான்: "                                        "

அக்கா உரிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரிடா," என்றாள். "ஆனா நாளைக்கும் இதே மரம்தான்."

மேலே உள்ள இடத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம், அப்படியே விட்டும் வைக்கலாம். கைதட்ட மட்டும் அவசரப்படாதீர்கள்.