தெசே: பூஜ்யம்

அன்று பகல் சாரம் பகுதி ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி சந்திரமோகன், அவர் மச்சான் பிரேம்குமார், ஸ்கேன் போடும் தனக்கொடி, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரவு ஷிப்டில் சர்வர் பார்க்கும் வடிவேல். பகலில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் போன் போட்டு அரியாங்குப்பத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். வரும்போதே எரிச்சலோடுதான் வந்தான்.

பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் வேலை. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் பிறப்பு, கல்யாணம், சாவு என்று மூன்று, பிரெஞ்சுப் பெயரில். எதில் எத்தனை ஃபைல் என்று பட்டியல் எடுக்க பிரேம்குமார் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். சாவுப் பதிவு, அதாவது தெசே, எல்லா வருடத்துக்கும் பூஜ்யம் என்றது அது. 'ஸ்கேன் செய்த பெண் ஏமாற்றிவிட்டாள், வேலையை விட்டு நிறுத்திவிட்டோம்' என்று கஸ்டமருக்கு முதலாளி காலையிலேயே மெயில் போட்டுவிட்டார்.

"தொறந்து பாருங்க சார், எல்லாம் இருக்கு," என்றாள் தனக்கொடி. அழவில்லை.

"இப்ப இருக்கும். மாட்டிக்கிட்டதும் கொண்டாந்து கொட்டியிருப்ப," என்றார் பிரேம்குமார்.

"ஆறு வாரத்து வேலைய ஒரே காலைலயா?" என்றான் வடிவேல்.

"ஸ்கிரிப்ட் பொய் சொல்லாதுப்பா."

வடிவேல் உட்கார்ந்தான். ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டருக்குள் நுழையும். உள்ளே இன்னொன்று இருந்தால் தன்னையே மறுபடி கூப்பிட்டு அதற்குள்ளும் நுழையும். நுழையுமுன் பெயரைக் காட்டு என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினான். பிறப்பு வந்தது. கல்யாணம் வந்தது. மூன்றாவது பெயரில் இரண்டு எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி. உள்ளே போக முடியாமல் அப்படியே திரும்பி, பூஜ்யம் என்று எழுதியது. திறக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டிய வரியைப் பிரேம்குமாரே முடக்கி வைத்திருந்தார்.

"இத ஏன் நிறுத்தினீங்க?"

"ஸ்க்ரீன் பூரா எர்ரரா வந்துது. பாக்க அசிங்கமா இருந்துது."

தெசே என்ற பெயரில் மேலே கோடு போட்ட இரண்டு பிரெஞ்சு எழுத்தை ஸ்கிரிப்டுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று வடிவேல் திரையில் காட்டினான்.

"தெசேல எழுத்து மேல கோடெல்லாம் இழுத்தது யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். அந்தக் கோடு, அக்சான், இல்லாம எழுதினா எங்க ஸ்கூல்ல முட்டியிலயே அடிப்பாங்க."

"பாத்தீங்களா மாமா? இவ பண்ண வேலைதான்," என்றார் பிரேம்குமார்.

"சரியா எழுதுனது தப்பா?" வடிவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"சண்டை அப்புறம். அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயாகணும். சரி பண்ணிடு வடிவேலு."

"பண்றேன். மொதல்ல இன்னொரு மெயில் போடுங்க. தப்பு ஸ்கிரிப்டுதுன்னு, எழுதுனவர் பேரோட. இந்தப் பொண்ணு வேலைல இருக்குன்னும் எழுதுங்க."

"அவன் எம் மச்சான்யா."

"அதனாலதான் ஒருத்தரும் அந்த ஃபோல்டரத் தொறந்து பாக்கல."

முதலாளி மணியைப் பார்த்தார். பிறகு மெயிலை டைப் அடித்தார், ஒற்றை விரலால். தனக்கொடி பின்னால் நின்று வரி வரியாய்ப் படித்தாள். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதைத் திருத்தச் சொன்னாள். மெயில் போனது.

"இவரு இங்க இருந்தா நான் கீபோர்டத் தொடமாட்டேன்," என்றான் வடிவேல்.

முதலாளி மச்சானின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் வெளிய இருப்பா," என்றார்.

"டிகிரி இல்லாதவன் பேச்சக் கேக்கணும்னு தலையெழுத்து." பிரேம்குமார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தனக்கொடி போய்க் கதவைச் சாத்திப் பூட்டினாள்.