இரண்டு டேங்க் லாரி

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு முதல் வாரம் விருந்து, இரண்டாம் வாரம் வேலை, மூன்றாம் வாரம் பட்டப்பெயர் என்பார்கள். இந்த மெக்கானிக்குக்கு மூன்றும் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன.

மாமனாருக்கு ஆறு லாரிகள். குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றுகிறவை. ஐந்து ஓடின. ஆறாவது பழைய டீசல் வண்டி. மேடு கண்டால் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுப் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் பட்டறை மூலையில் டயர் இறங்கிக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்கள் எல்லாரும் இருக்கும்போதுதான் மாமனாருக்கு அதன் ஞாபகம் வரும்.

"மாப்ள, அந்த ஆறாவது வண்டியும் நீங்களும் ஒண்ணு. ரெண்டும் நின்ன எடத்துலயே நின்னு என் எடத்தை அடைக்குது."

டிரைவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அடுத்த வேளையும் அதே பேச்சு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மனைவி சிரிக்கமாட்டாள். அப்பாவை அதட்டவும் மாட்டாள். எடுத்த கரண்டியை எடுத்தபடி அடுத்தவருக்குப் பரிமாறுவாள். காலையில் எந்த வண்டி எங்கே போக வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று வாசலில் நின்று சொல்பவள் அவள்தான். தலை நரைத்த டிரைவர்கள்கூட அவள் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் போவார்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாக மெக்கானிக் இதைத் தினமும் பார்த்தான். பார்த்தானே தவிர யோசிக்கவில்லை.

ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த வண்டியை நான் ஓட வைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அதுவும் டீசலில் இல்லை, சாப்பாட்டுக் கடைகளில் வறுத்து மிஞ்சிக் கொட்டுகிற எண்ணெயில். பந்தியே சிரிப்பில் குலுங்கியது. நெட்டை என்று பெயர் பெற்ற டிரைவர், "அப்போ வண்டிக்குப் பின்னாடி போறவனுக்கெல்லாம் பசிக்கும்" என்றான். மாமனார் மட்டும் சிரிக்காமல் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"முழு லோடு ஏத்தி மலைப் பாதையில நடுவுல நிக்காம ஏத்தணும். ராத்திரி முழுக்க மேல அந்தக் குளிர்லயே நிக்கணும். காலைல ஒரே திருகுல கெளம்பணும். கெளம்புச்சுன்னா வண்டி உங்களுது. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்க வேணும்னாலும் போய்ப் பொழச்சுக்கங்க. கெளம்பலைன்னா இந்த வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றான். உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது.

நான்கு மாதம் ஆனது. பழைய காற்று ஃபில்டரைக் கழற்றியபோது அதற்குள் எலிக்கூடு இருந்தது. மூச்சு விடவே வழியில்லாத வண்டியை மேட்டில் ஏறவில்லை என்று வைதிருக்கிறார்களே என்று அவனுக்கு அதன்மேல் இரக்கம் வந்தது. அதை விடப் பெரிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினான். தூசி எட்டாதபடி காற்றுக் குழாயைக் கேபினுக்கு மேலே உயர்த்தினான். விபத்தில் நசுங்கிய வண்டியொன்றிலிருந்து இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைக் கழற்றி வந்து மாட்டினான். சைலன்சர் குழாயை அகலமாக்கி வளைவுகளைக் குறைத்தான். பிறகு எண்ணெய்க்கென்று இரண்டாவது டேங்க். அதற்குள் செம்புச் சுருள் வைத்து ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ஓடவிட்டான். குளிர்ந்தால் அந்த எண்ணெய் உறைந்துவிடும். சூடாக இருந்தால்தான் பம்பு இழுக்கும்.

இரண்டு டேங்குக்கும் நடுவில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், ஒரு திருகு. இடப்பக்கம் டீசல், வலப்பக்கம் எண்ணெய். டீசலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் குழாயிலும் பம்பிலும் இருக்கிற எண்ணெய் எரிந்து தீர்ந்து, டீசல் நிற்கும். மறந்தால் மறுநாள் பம்புக்குள் மெழுகுதான்.

இதை அவன் ஒரே ஒருத்திக்குத்தான் கற்றுக்கொடுத்தான். டிரைவர்கள் கேலி செய்வார்கள் என்று அவர்களைக் கிட்டவே விடவில்லை. மனைவி ஒரு தடவை கேட்டாள், புரிந்துகொண்டாள். "பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் படுக்கிற மாதிரி" என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்பானரைத் திருகிக்கொண்டே துறைமுகத்தூரில் தான் பார்த்து வைத்திருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்வான். இரண்டு அறை. வாசலில் லாரி நிற்க இடம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவள் "ம்" என்பாள். அந்த "ம்"மை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு, என்ன செய்ய.

சோதனை நாள் வந்தது. மனைவி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். மாமனாரும் நெட்டையும் ஜீப்பில் பின்தொடர்ந்தார்கள். வழக்கமாக வண்டி உட்காருகிற மூன்றாவது வளைவில் மெக்கானிக் கியரைக் குறைத்தான். வண்டியோ விசில் போன்ற ஒரு சத்தத்துடன் காற்றை இழுத்து, லேசான சாம்பல் புகையை விட்டபடி ஏறிப் போனது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உச்சியில் ஜீப்பை விட்டு இறங்கிய மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒன்றும் வராததே அவனுக்குப் பெரிய மாலை.

திருகை டீசலுக்குத் திருப்பி, ஜல்லியைக் கொட்டினான். கொட்டி முடிக்கிற நேரத்துக்குள் குழாய் சுத்தமாகியிருக்கும். பின்கதவைப் பூட்ட இறங்கியபோது, இன்ஜினை அணைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். கதவின் கொக்கி மக்கர் செய்தது. அவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இன்ஜின் இன்னும் ஐந்து நிமிஷம் ஓடி, பிறகு நின்றது. கொஞ்சம் கூடவே கழுவட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டான். எல்லாரும் ஜீப்பில் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை மாமனாரோடும் மனைவியோடும் ஐந்து டிரைவர்களும் வேடிக்கை பார்க்க உச்சிக்கு வந்துவிட்டார்கள். புல்லெல்லாம் பனி. மெக்கானிக் ஏறி சாவியைத் திருகினான். இன்ஜின் முனகிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். அந்த இடத்தில் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். வெந்நீர் வைத்துக் குழாயைச் சூடாக்கியிருந்தால் பம்பாவது பிழைத்திருக்கும். வேறு யார் வண்டியாக இருந்தாலும் அவன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். மூன்றாவது தடவை திருகினான், நான்காவது தடவை திருகிப் பிடித்தே இருந்தான். உள்ளே எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பம்பின் அச்சு உடைந்துவிட்டது.

"சாப்ட்டது செரிக்கலை போல" என்றான் நெட்டை.

மெக்கானிக் குழாயைக் கழற்றினான். உள்ளே மஞ்சளாக, கெட்டியாக எண்ணெய். விரலை விட்டால் தடம் விழுந்தது. திருகைப் பார்த்தான். அது டீசல் பக்கம்தான் இருந்தது. டீசலில் நிறுத்திய வண்டியின் குழாயில் எண்ணெய் எப்படி வரும்? யாரோ எண்ணெய்க்குத் திருப்பி, குழாய் நிறையும் வரை ஓடவிட்டு, அணைத்த பிறகு திருகை மறுபடி டீசலுக்கே வைத்திருக்க வேண்டும். அந்தத் திருகின் சூத்திரம் தெரிந்தவர் இருவர். ஒருவர் கையில் இப்போது மஞ்சள் எண்ணெய் ஒட்டியிருந்தது.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மானம் அப்போது அவனை அவ்வளவு தூரம் நடக்க விடவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டான். "நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"போற வீட்டப் பத்தி நாலு மாசமாச் சொன்னீங்க. வர்றியான்னு ஒரு நாள் கேட்டீங்களா? அங்க போனா நான் யாரு? எண்ணெய் நாத்தத்தோட வர்ற ஆளுக்குக் கதவு தொறக்கிறவ. இங்க நான் யாருன்னு இவங்களக் கேளுங்க."

அவள் குரல் உயரவே இல்லை. யார் எங்கே போக வேண்டும் என்று காலையில் டிரைவர்களுக்குச் சொல்வாளே, அதே குரல். டிரைவர்களில் ஒருவனும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் சிரித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாமனார் குனிந்து அந்தக் குழாய்க்குள் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி வந்தது.

"அப்போ வண்டி மேல குத்தமில்ல" என்றார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ள. நாளைலேருந்து மத்த அஞ்சையும் இதே மாதிரி மாத்திடுங்க. இதுக்கும் வேற பம்பு போடுங்க."

"ஓடுனா எனக்குன்னு சொன்னீங்களே மாமா."

"காலைல ஒரே திருகுல கெளம்பணும்னும் சொன்னேன். கெளம்புச்சா?"

வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருந்ததை மாமனார் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு நல்ல மனிதர். ஜீப்பில் ஏறப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஒண்ணு செய்யுங்க. ஆறு வண்டியிலயும் இந்தத் திருகுக்கு ஒரு பூட்டு வைங்க. கண்டவனும் திருப்பக் கூடாது பாருங்க. சாவி பொண்ணுகிட்ட இருக்கட்டும்."

டிரைவர்கள் வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு எடுக்கப் போனார்கள். அவள் யார் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், யார் ஜீப்பில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கேபினுக்குள் ஏறினான். திருகின் பக்கத்துத் தகட்டில் விரல்களை வைத்து, எவ்வளவு பெரிய பூட்டு கொள்ளும் என்று அளந்தான்.