இடது பக்க மூக்குத்தி

சுவரில் தன் முகத்தைப் பார்த்ததும் அழகம்மாவுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், ஒரு காலத்தில் படம் காட்டத் திரை கட்டிய அதே இடத்தில், புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். பழைய திறந்தவெளித் தியேட்டரின் கதையை அதில் வரைய வேண்டும் என்பது கோயில் கமிட்டியின் ஆசை. பெல்மதுளையிலிருந்து வந்த ஓவியன் அலன் லொறியை வரைந்திருந்தான், ஜெனரேட்டரை வரைந்திருந்தான், படப்பெட்டி தூக்கிவரும் பயாஸ் நானாவின் தொப்பியைக்கூட விடவில்லை. திரைக்கு முன்னால் தோட்டமே முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் ஒரு குமரி மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அது அவளாம்.

“சம்பந்தியம்மாவ முன்னுக்கே போடச் சொன்னது நான்தான்,” என்றார் கமிட்டித் தலைவர் சின்னத்தம்பி. அவருடைய மகள் விஜயகலாவுக்கும் அழகம்மாவின் மகன் சசிக்கும் தை மாதம் கல்யாணம். பிள்ளைகள் இருவரும் விரும்பி, அந்த வீட்டைச் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு அழகம்மாவுக்குத்தான் தெரியும்.

அலன் தூரிகையோடு கிட்டே வந்தான். “அம்மா, மூக்குத்தி மட்டுந்தான் பாக்கி. கொஞ்சம் திரும்புங்க. ஹரி, சரி... எடது பக்கமா? இங்க எல்லாரும் வலதுலதானே குத்தியிருக்காங்க?”

அழகம்மா முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல மறைத்தாள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. பெரிய கங்காணி வீட்டாருக்கும், சின்னத்தம்பி குடும்பம் மாதிரி மேட்டு லயத்து வரிசைவீட்டு ஆட்களுக்கும்தான் திரைக்கு முன்பக்கம். கீழே, அவளுடைய பணிய லயத்துச் சாதிக்குத் திரைக்குப் பின்பக்கம். யாரும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை; அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அவ்வளவுதான். பின்னால் இருந்தாலும் படம் என்னவோ தெரியத்தான் செய்தது. கதாநாயகன் இடது கையால் சாப்பிட்டான், இடது கையால் திருநீறு வாங்கினான். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிப் போனதைப் பற்றி எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்கு என்ன கவலை! ஒரு படத்தில் கதாநாயகி போட்டிருந்த மூக்குத்தியில் மயங்கி, அம்மா திட்டத் திட்ட, திரையில் பார்த்த அதே இடது பக்கம் குத்திக்கொண்டாள். அவளோடு சேர்ந்து அந்த லயத்துக் குமரிகள் இன்னும் சிலரும் குத்திக்கொண்டார்கள். பல வருசம் கழித்து, சசி வாங்கி வந்த டீவியில் அந்தப் படம் ஓடியது. கதாநாயகியின் வலது மூக்கில் கல் மின்னியது. அன்றைக்கு அழகம்மா உலையில் அரிசி போட மறந்து உட்கார்ந்திருந்தாள். அவமானம் அப்போதுதான் முதன்முதலாகச் சுட்டது.

“வலதுலயே போட்டுடு தம்பி,” என்றார் சின்னத்தம்பி. “படத்துக்கு அதுதான் அழகு.”

“போடாத தம்பி,” என்றாள் அழகம்மா. “நாங்க தெரைக்கு அங்குட்டு உக்காந்து பாத்தோம். அதான் எடதுல குத்தியிருக்கு. முன்னுக்கு நான் வேணாம், அழிச்சிரு.”

சின்னத்தம்பியின் முகம் மாறியது. “பழசெல்லாம் இப்ப எதுக்குங்க? கல்யாணம் வர்ற நேரத்துல.”

அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சசியின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும் வாயை மூட மனசு வரவில்லை.

“கல்யாணம் நடக்கணுங்க. அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குப் பேரப்புள்ள, ‘உனக்கு மட்டும் ஏன் இந்தப் பக்கம்’னு கேக்கும். சுவத்துல ஒண்ணு, என் மூஞ்சில ஒண்ணு இருந்தா, அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

சின்னத்தம்பி சுவரில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “எந்த எடத்துல உக்காருவீங்க?” என்று கேட்டார்.

“அந்தக் கான் ஓரமா.”

உடுத்திருந்த சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சுவரைச் சுற்றிப் போனார். அழகம்மாவும் அலனும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் சுவர் பூச்சில்லாமல் வெறும் கல்லாக இருந்தது. கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில், ஈரப் புல்லில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னத்தம்பி நின்றார். உட்காரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. ஒன்றும் வரையாத அந்தக் கல்லையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.